புதுச்சேரியில் இரண்டாகத் தெரிந்த விண்மீன்

1689 டிசம்பர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றிப் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. சயாம் நாட்டில் 1688-ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்திருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி, விடியலுக்கு முந்தைய இருட்டில் ஒரு வால்மீனைப் பார்க்க 12 அடி நீளத் தொலைநோக்கியைத் திருப்பினார். அந்தப் பக்கத்திலேயே தென்கிழக்குக் கடலுக்கு மேல் தாழ்வாக ஒரு பிரகாசமான விண்மீன் இருந்தது. சென்டாரஸ் மண்டலத்தின் காலடியில் இருக்கும் அதை இன்று ஆல்பா சென்டாரி என்கிறோம். வெறும் கண்ணுக்கு அது ஒன்று. குழாய்க்குள் இரண்டு.

தொலைநோக்கியைக் கொண்டு இந்திய மண்ணிலிருந்து செய்யப்பட்ட முதல் வானியல் கண்டுபிடிப்பு இதுதான் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அன்று அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுமார் 7 வில்நொடி. ஒரு டிகிரியை 3,600 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு வில்நொடி. பத்து ரூபாய் நாணயத்தை 800 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, அவ்வளவுதான் அந்த இடைவெளி.

இரண்டு விண்மீன்கள் ஒட்டினாற்போலத் தெரிகின்றன என்பதை மட்டும் வைத்து அவை ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று சொல்லிவிட முடியாது. மகர மண்டலத்தில் வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும் ஆல்பா காப்ரிகார்னியில், ஒன்று நம்மிடமிருந்து சுமார் நூறு ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மற்றது அதைப் போலப் பல மடங்கு தூரத்தில் இருக்கிறது. நம் பார்வைக் கோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக அமைந்துவிட்டதால் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன, அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டு வரை எல்லா இரட்டைகளுமே இப்படித்தான் என்று பெரும்பாலோர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது தொலைநோக்கி அல்ல, கணக்கு. 1767-ல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். கை நிறைய உளுந்தை அள்ளித் தரையில் வீசினால், ஆறு பெரிய மணிகள் ஒரே விரல்கடைக்குள் வந்து விழ எவ்வளவு வாய்ப்பு? கார்த்திகை விண்மீன்களில் பிரகாசமான ஆறையும் எடுத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். அவ்வளவு பிரகாசமுள்ள விண்மீன்கள் வானம் முழுக்கக் கண்டபடி சிதறியிருந்தால், அந்த ஆறும் அப்படிக் கூடி நிற்க வாய்ப்பு ஐந்து லட்சத்தில் ஒன்று என்று வந்தது. ஆகவே அவை தற்செயலாகக் கூடவில்லை, ஈர்ப்போ வேறு ஏதோ ஒரு விதியோ அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது என்றார். அதே வாதத்தை இரட்டை விண்மீன்களுக்கும் நீட்டினார். சங்கத் தமிழ் அறுமீன் என்று பெயர் வைத்த அதே ஆறு விண்மீன்கள்தான் இந்தக் கணக்குக்கு முதல் எடுத்துக்காட்டாக நின்றன. கொத்தையும் இணையையும் ஒரே கேள்வியாகப் பார்த்தது மிச்செலின் பெரிய தெளிவு. அந்தத் தெளிவை நம் பாடநூல்கள் இன்னும் எட்டவில்லை. விண்மீன் பிறப்பு என்று ஒரு பாடம், இரட்டை விண்மீன் என்று வேறொரு பாடம். உண்மையில் இரண்டும் ஒரே பாடம்.

நேரடிச் சான்று வர மேலும் 36 ஆண்டு ஆயிற்று. வில்லியம் ஹெர்ஷல் 1782-ல் 269 இரட்டைகளின் பட்டியலை வெளியிட்டபோது அவர் தேடியது வேறு. இரண்டில் மங்கலானது ரொம்பத் தூரத்தில் இருக்கும், அதை அசையாத அடையாளமாக வைத்துக்கொண்டு பிரகாசமானதன் தூரத்தை அளந்துவிடலாம் என்று நினைத்தார். அந்த எண்ணம் பலிக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து மறுபடி அளந்தபோது, புனர்பூசத்தின் இரண்டு முக்கிய விண்மீன்களில் ஒன்றான காஸ்டரில், இரண்டும் ஒன்றையொன்று சுற்றி நகர்ந்திருப்பது தெரிந்தது. 1803-ல் அதை வெளியிட்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் ஈர்ப்பு விதி வேலை செய்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது.

இரட்டை விண்மீன்களுக்கு வானியலில் இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், விண்மீனை எடைபோட நமக்கு இருக்கும் நம்பகமான தராசு அவை மட்டும்தான். தனி விண்மீனின் ஒளி தெரியும், நிறம் தெரியும், நிறை தெரியாது. இணையாக இருந்தால் சுற்றும் காலமும் சுற்றுப்பாதையின் அளவும் நிறையைச் சொல்லிவிடும். ஆல்பா சென்டாரியிலேயே போட்டுப் பார்க்கலாம். சுற்றுப்பாதையின் அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி, வானத்தில் 17.6 வில்நொடி. தூரம் 1.33 பார்செக், அதாவது 4.3 ஒளியாண்டுக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கினால் 23.4 வானியல் அலகு கிடைக்கும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே ஒரு வானியல் அலகு. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் 79.9 ஆண்டு. 23.4-ஐ மும்முறை பெருக்கினால் ஏறத்தாழ 12,810. 79.9-ஐ இருமுறை பெருக்கினால் ஏறத்தாழ 6,380. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மொத்த நிறை சூரிய நிறைக் கணக்கில் வந்துவிடும்: 2.0. ஆக, இரண்டும் சேர்ந்து இரண்டு சூரியன் எடை. இரண்டுக்கும் பொதுவான நிறை மையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி ஆடுகிறது என்று பார்த்து அதைப் பங்கு பிரித்தால், பெரியதற்கு 1.08, சிறியதற்கு 0.91 சூரிய நிறை.

இந்தக் கணக்கு வழுக்கும் இடம் தூரம். தூரத்தில் 10 சதவீதம் பிழை இருந்தால், மும்முறை பெருக்குவதால் நிறையில் 33 சதவீதப் பிழையாகிவிடும். கோணத்தில் வரும் சின்னப் பிழையும் ஆளை ஏமாற்றும். சென்னை வானியல் ஆய்வகத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப் 1855-ல், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டையின் பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கலாம் என்று அறிவித்தார். பின்னர் வந்த துல்லியமான அளவீடுகளில் அப்படி ஒரு கோள் இல்லை என்று தெளிவானது. அளவிட வேண்டிய விலகலும் அன்றைய கருவிகளின் பிழையும் ஒரே அளவில் இருந்ததுதான் சிக்கல்.

சூரியனை ஒத்த விண்மீன்களில் எத்தனை தனி, எத்தனை இணை? நமக்கு அருகிலுள்ள 454 விண்மீன்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான கணக்கெடுப்பு இதற்குப் பதில் சொல்கிறது. நூறு அமைப்புகளை எடுத்தால் 56 தனி, 33 இரட்டை, 8 மும்மை, 3 அதற்கும் மேல். வீடுகளை எண்ணாமல் ஆட்களை எண்ணினால் நிலைமை மாறிவிடும். 56 தனி விண்மீன்களுக்கு எதிராக நூறுக்கு மேற்பட்டவை துணையோடு இருக்கின்றன. சூரியனைவிடச் சிறிய செங்குறு விண்மீன்களில் துணையுள்ளவை நாலில் ஒரு பங்குதான். மிகப் பெரிய நீல விண்மீன்களிலோ துணை இல்லாதது அபூர்வம். நிறை ஏற ஏறத் துணையும் ஏறுகிறது.

வயதை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. இன்னும் தூசி உறைக்குள்ளேயே இருக்கும் பச்சிளம் விண்மீன்களில் துணையோடு இருப்பவற்றின் விகிதம், வளர்ந்த விண்மீன்களில் இருப்பதைவிட அதிகம். அப்படியானால் வளர்ந்த விண்மீன்கள் எங்கேயோ சந்தித்து ஜோடி சேரவில்லை. பிறக்கும்போது சேர்ந்தே இருந்து, வளர வளர அவற்றில் பல பிரிந்துபோயிருக்கின்றன. இரண்டு தனி விண்மீன்கள் வெட்டவெளியில் எதிர்ப்பட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் முடியாது. எந்த வேகத்தில் நெருங்கினவோ அதே வேகத்தில் விலகிவிடும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஒன்று வேண்டும், அல்லது வாயு வேண்டும். இரண்டும் ஒருசேர இருக்கும் இடம் பிறந்த வீடுதான்.

அந்த வீடு மூலக்கூறு மேகம். ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் தூசியும் கலந்த அது முழுப்பூஜ்யத்துக்கு மேல் 10 கெல்வின் மட்டும் சூடுள்ளது, அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அதன் அடர்ந்த திரட்சிகளான கருக்களில் ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரம் மூலக்கூறுகள் இருக்கும். நம் ஆய்வகங்களில் உண்டாக்கும் நல்ல வெற்றிடத்தைவிடவும் அது காலியானது. ஆனால் அதன் அகலம் ஒளியாண்டுக் கணக்கில் இருப்பதால் மொத்த நிறை பெரிது. உள்ளே இழுக்கும் ஈர்ப்பும், வெளியே தள்ளும் வெப்பமும் கொந்தளிப்பும் காந்தப்புலமும் அங்கே மல்லுக்கு நிற்கின்றன.

ஈர்ப்பு எப்போது ஜெயிக்கும் என்பதற்கு ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-ல் ஒரு வரம்பைக் கண்டார். வாயுவுக்கு ஒரு வெப்பநிலையும் அடர்த்தியும் இருந்தால், அதற்கு ஒரு குறைந்தபட்ச நிறை உண்டு. அதைத் தாண்டிய கட்டி தன் எடையிலேயே சரியும். அடர்த்தி 100 மடங்கு ஏறினால் இந்த வரம்பு பத்தில் ஒன்றாகக் குறையும். வெப்பநிலை இரட்டித்தால் அது 2.8 மடங்காக ஏறும். சரியும் வாயுவின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் சூடு ஏறுவதில்லை, ஏனென்றால் தூசித்துகள்கள் அந்தச் சூட்டை அகச்சிவப்பாகவும் அதைவிட நீண்ட அலைகளாகவும் வெளியே கொட்டிவிடுகின்றன. எனவே வரம்பு குறைந்துகொண்டே வருகிறது. முதலில் ஒரே கட்டியாகச் சரிந்தது, உள்ளே பல சிறு கட்டிகளாக உடைந்து ஒவ்வொன்றும் தனித்தனியே சரிகிறது. ஒரு மேகம் ஒரே விண்மீனாகாமல் கூட்டமாக ஈனுவதற்கு இதுதான் காரணம். பாடநூல் படத்தில் ஒரு மேகம், ஒரு வட்டு, ஒரு சூரியன் என்று வரைவது படம் வரையச் சுலபம். நடப்பது அப்படியில்லை.

உடைதல் எங்கே நிற்கிறது? அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராமில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கை எட்டும்போது, தூசி தன் கதிர்களைத் தானே மறைத்துக்கொள்ளும் அளவுக்குத் தடிமனாகிவிடும். சூடு வெளியே போக வழியில்லை. வெப்பநிலை ஏறும், ஜீன்ஸ் வரம்பும் ஏறும், அதற்கு மேல் துண்டாக முடியாது. அப்போது நிற்கும் மிகச்சிறிய துண்டு வியாழனைப் போலச் சில மடங்கு நிறையும், சில வானியல் அலகு அகலமும் கொண்டது. சுற்றியுள்ள வாயுவை உறிஞ்சித்தான் அது விண்மீனாக வளர்கிறது.

இங்கே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கருவுக்கு மெல்லிய சுழற்சி உண்டு. பத்தில் ஒரு பார்செக் ஆரமுள்ள கருவின் விளிம்பு விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அப்படியே சூரியன் அளவுக்குச் சுருங்கினால் ஆரம் நாற்பது லட்சம் மடங்குக்கு மேல் குறையும். சுழற்சி வேகம் அதே அளவு கூடவேண்டும். கூட்டினால் விநாடிக்கு நாலு லட்சம் கிலோமீட்டர், ஒளியின் வேகத்தையே மிஞ்சும். நடக்காத காரியம். அந்தச் சுழற்சி இருப்பு, அதாவது கோண உந்தம், எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். ஒரு பகுதியைக் காந்தப்புலம் வெளியே கடத்துகிறது, ஒரு பகுதி விண்மீனைச் சுற்றித் தட்டையாகச் சுழலும் வாயு வட்டில் தங்குகிறது. மிச்சத்தைச் சேமித்துவைக்க இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதைவிட நல்ல கிடங்கு கிடையாது. இணையாவது இயற்கைக்கு விதிவிலக்கே அல்ல, கோண உந்தத்தைக் கழிக்க அது கண்ட நேரான வழி.

இணை உருவாக இரண்டு பாதைகள் இருப்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. ஒன்று, கொந்தளிப்பால் கருவே ஆரம்பத்தில் இரண்டு மூன்றாக உடைவது. இதில் இடைவெளி ஆயிரக்கணக்கான வானியல் அலகு. மற்றது, முதல் விண்மீனைச் சுற்றிய வட்டு தன் எடை தாங்காமல் உடைவது. வட்டின் நிறை விண்மீன் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும்போது இந்த ஆபத்து தொடங்குகிறது. இதில் இடைவெளி நூறு வானியல் அலகு அளவில் இருக்கும். பெர்சியஸ் மேகத்தின் பச்சிளம் விண்மீன்களை ரேடியோ தொலைநோக்கியில் அளந்து 2016-ல் வெளியிட்ட கணக்கில், துணைகளின் இடைவெளி 75-ஐ ஒட்டி ஒரு குவியலாகவும் 3,000-ஐ ஒட்டி இன்னொரு குவியலாகவும் பிரிந்து நின்றது. இரண்டு பாதைகளின் தடம் அது. அதே மேகத்தில் எல் 1448 ஐஆர்எஸ்3பி என்ற அமைப்பை சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கி படம் எடுத்தபோது, ஒரே சுருள் வட்டுக்குள் மூன்று குழந்தை விண்மீன்கள் இருந்தன. நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே 61 வானியல் அலகு, சுருளின் ஓரத்தில் உள்ள மூன்றாவது 183 வானியல் அலகு தள்ளி. வட்டு உடையும் கணத்தை நேரில் பார்த்ததுபோல.

சித்திரை விண்மீனின் கதை இதில் எதற்குள்ளும் நேராக அடங்காது. அது ஒரே புள்ளியாகத் தெரிந்தாலும் இரண்டு விண்மீன்கள், நாலே நாளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. விண்மீன் விலகும்போது சிவப்புப் பக்கமும் நெருங்கும்போது நீலப் பக்கமும் நகரும் நிறமாலைக் கோடுகள், நாலு நாளுக்கு ஒருமுறை இப்படி ஆடுவதை 1890-ல் ஜெர்மானிய வானியலாளர் வோகல் பிடித்தார். இவ்வளவு நெருக்கத்தில் இரண்டு விண்மீன்கள் பிறக்கவே முடியாது, ஏனென்றால் முதல் துண்டே அந்தப் பாதையைவிட அகலம். இப்படிப்பட்ட இணைகள் தூரத்தில் பிறந்து பின்பு உள்ளே இழுக்கப்பட்டவை. சுற்றியுள்ள வாயு வேகத்தைத் தின்று சுருக்கலாம். அல்லது தொலைவில் ஒரு மூன்றாவது விண்மீன் இருந்து, பாதையை மெல்ல மெல்ல நீள்வட்டமாக இழுத்து, நெருங்கும்போதெல்லாம் அலையுராய்வு, அதாவது ஒன்றின் ஈர்ப்பு மற்றதன் உடலைப் பிசைவதால் வரும் உராய்வு, ஆற்றலைக் கரைக்கச் செய்யலாம். சூரியனை ஒத்தவற்றில் மூன்று நாளுக்குள் சுற்றும் இணைகளை ஆராய்ந்தபோது 96 சதவீதத்துக்கு மூன்றாவது துணை இருந்தது 2006-ல் தெரியவந்தது. நெருங்கிய ஜோடிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மூன்றாம் ஆள் நிற்கிறார்.

இனி கூட்டத்துக்கு வருவோம். மார்கழி, தை இரவுகளில் மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் கீழே, ஓரியன் என்ற வேடன் மண்டலத்தின் இடைவாரிலிருந்து தொங்கும் வாளில் மங்கலான ஒரு திட்டு தெரியும். 1,300 ஒளியாண்டுக்குச் சற்று மேல் தூரத்தில் இருக்கும் ஓரியன் நெபுலா அது. அதனுள் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் வயது சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். நமக்கு அருகில் பிறக்கும் விண்மீன்களில் 70 முதல் 90 சதவீதம் இதுபோன்ற தூசி மூடிய கொத்துகளில் பிறக்கின்றன என்று சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா என்ற வானியலாளர்கள் 2003-ல் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தக் கொத்துகளில் கார்த்திகை அளவு வயதுவரை கட்டுக்குலையாமல் தாங்குபவை நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு.

ஏன் கலைகின்றன? பிறந்த கொத்தின் எடையில் பெரும்பகுதி விண்மீன் அல்ல, மிஞ்சிய வாயு. வாயுவில் விண்மீனாக மாறுவது 10 முதல் 30 சதவீதம்தான். கொத்தில் ஒரு பெரிய நீல விண்மீன் எரியத் தொடங்கினால், அதன் புறஊதாக் கதிரும் விண்மீன்காற்றும் வாயுவைச் சுடவைத்து வெளியே விரட்டும். மொத்த எடையில் பாதிக்கு மேல் சட்டென்று வெளியேறிவிட்டால், விண்மீன்களைப் பிடித்துவைத்த ஈர்ப்பு பாதியாகிவிடும், அவற்றின் வேகம் மட்டும் அப்படியே இருக்கும். கயிறு அறுந்த கதைதான். வாயு மெதுவாக வெளியேறினால் கொத்துக்குப் பொறுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும், கொஞ்சம் விரிந்து உயிர்பிழைக்கும். கார்த்திகை அப்படித் தப்பியது. பத்துக் கோடி ஆண்டுகளைத் தாண்டி, 440 ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு இன்னும் ஒன்றாக இருக்கிறது.

வாயு போவதற்கு முன்பே கூட்டத்துக்குள் இணைகளுக்குச் சோதனை நடந்துவிடுகிறது. ஒரு இணையை மூன்றாவது விண்மீன் உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹெகி, ஹில்ஸ் என்ற இரு வானியலாளர்கள் 1975-ல் ஒரு விதியைக் கண்டார்கள். இறுக்கமான இணை இன்னும் இறுகும், தளர்வான இணை இன்னும் தளரும். காரணம் வேகம். இணையின் சுற்று வேகம் கூட்டத்தின் சராசரி வேகத்தைவிட அதிகமாக இருந்தால், வந்த விண்மீன் இணையிடமிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டு வேகமாகக் கிளம்பும், இணை நெருங்கும். குறைவாக இருந்தால் வந்தது இணைக்கு ஆற்றலைக் கொடுத்து அகலமாக்கும், கடைசியில் பிரித்துவிடும். ஓரியன் போன்ற கொத்தில் விண்மீன்கள் விநாடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகத்தில் திரிகின்றன. சூரிய நிறையுள்ள இரண்டுக்கு அந்த வேகம் வரும் இடைவெளி சில நூறு வானியல் அலகு. ஆகவே அதற்குள் இருப்பவை பெரும்பாலும் தப்பும், அதற்கு மேல் இருப்பவை நெரிசலில் சிதறும்.

இரண்டு இணைகள் நேருக்கு நேர் மோதினால் நடப்பதை ஓரியனே காட்டுகிறது. ஏஇ ஆரிகே, மியூ கொலம்பே என்ற இரண்டு விண்மீன்கள் வானத்தின் எதிரெதிர்த் திசைகளில் விநாடிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டின் பாதையையும் பின்னோக்கி வரைந்தால் சுமார் 25 லட்சம் ஆண்டுக்கு முன்பு ஓரியன் நெபுலாவின் பக்கம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. நெபுலாவுக்குச் சற்றுக் கீழே உள்ள அயோட்டா ஓரியானிஸ் 29 நாளில் சுற்றும், மிக நீண்ட நீள்வட்டப் பாதை கொண்ட இணை. இரண்டு இணைகள் மோதி, ஆளுக்கு ஒன்றை வெளியே வீசிவிட்டு, மிஞ்சிய இரண்டும் புது ஜோடியாகக் கட்டிக்கொண்டன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

கலைந்த கொத்து உடனே காணாமல் போவதில்லை. அருந்ததியைப் பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் மங்கலாக இருக்கும் அவளைத்தான் சங்கப் பாடல்கள் வடமீன் என்கின்றன. வசிஷ்டர் தொலைநோக்கியில் 14 வில்நொடி இடைவெளியில் இரண்டாகப் பிரிகிறார். அந்த இரண்டும் நிறமாலையில் மேலும் இரண்டிரண்டு. அருந்ததிக்கும் ஒரு சிறு துணை இருப்பது 2009-ல் தெரிந்தது. ஆக மொத்தம் ஆறு விண்மீன்கள், சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில். அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் வானத்தில் தெரியும் இடைவெளி மட்டுமே ஏறத்தாழ 18,000 வானியல் அலகு. இதற்கும் மேலாக, 1869-ல் ரிச்சர்ட் பிராக்டர் கவனித்ததுபோல், சப்தரிஷிகளில் நடுவிலுள்ள ஐவர் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்கிறார்கள். முனையிலுள்ள இருவர் மட்டும் வேறு வழி. அந்த ஐவரும் அருந்ததியும் சில பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரே கொத்தில் பிறந்தவர்கள். கொத்து அவிழ்ந்துவிட்டது, நடை மட்டும் ஒன்றாக இருக்கிறது. திருமண முகூர்த்தம் பெரும்பாலும் பகலில் அமைந்துவிடுகிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே 45 டிகிரி உயரத்தில் உண்மையாகவே பார்க்கலாம்.

ரிஷோவின் விண்மீனுக்கும் அப்படி ஒரு மிச்சம் உண்டு. 1915-ல் ராபர்ட் இன்னஸ், ஆல்பா சென்டாரிக்கு இரண்டு டிகிரி தள்ளி ஒரு மங்கலான செங்குறு விண்மீனைக் கண்டார். 4.24 ஒளியாண்டில், சூரியனுக்கு மிக நெருங்கிய விண்மீனான ப்ராக்ஸிமா அது. ஜோடியிலிருந்து சுமார் 13,000 வானியல் அலகு தள்ளி இருக்கும் அது உறவா வழிப்போக்கனா என்ற கேள்விக்கு நூறு ஆண்டு பதில் இல்லை. 2017-ல் வெளியான அளவீட்டில் ஜோடியைப் பொறுத்து அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 273 மீட்டர் என்று கிடைத்தது. அந்தத் தூரத்தில் கட்டை அறுத்துக்கொண்டு போக 545 மீட்டர் வேண்டும். பயணிகள் விமானத்தின் வேகத்தில்தான் நகர்கிறது, ஆகவே கட்டுண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்தரை லட்சம் ஆண்டு. இவ்வளவு தளர்ந்த பிணைப்பு ஓரியன் போன்ற நெரிசலில் ஒருநாளும் தாங்கியிருக்காது. அந்த மூவர் பிறந்த கொத்து சிறியதாகவோ, சீக்கிரம் கலைந்ததாகவோ இருந்திருக்கவேண்டும், அல்லது கலையும் வேளையில் மூன்றாவது வெளியே நழுவி நூலிழையில் ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும். நடுவிலுள்ள இருவரோ 11 முதல் 36 வானியல் அலகுக்குள் இறுகிக் கிடக்கிறார்கள், அவர்களை அசைக்க எந்தக் கூட்டத்தாலும் ஆகியிருக்காது.

இந்த இணையைக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இன்றும் பார்க்கலாம், காலம் தெரிந்தால் போதும். தெற்கே மிகத் தாழ்ந்த விண்மீன் என்பதால் உச்சம் எட்டும்போதுகூட அடிவானத்திலிருந்து 17 டிகிரிதான் ஏறும். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே உள்ள சாணைவிடச் சற்றுக் குறைவு. மாசி தொடக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கும், பங்குனி தொடக்கத்தில் மூன்று மணிக்கும், சித்திரையில் நள்ளிரவிலும், ஆனி பிறக்கும்போது இரவு ஒன்பதுக்கும் நேர் தெற்கே நிற்கும். மாசி, பங்குனி விடியல்தான் சிறந்தது. ஆனியில் மாலை இடிமேகம் தெற்கையும் மேற்கையும் மூடிவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரிக் கடற்கரையிலோ நின்றால் அது தென்-தென்கிழக்கில் கடலிலிருந்து எழுவதையே பார்க்கலாம். ஆனால் புதுச்சேரியிலிருந்து நேர் தெற்கே பார்க்கும்போது கடலூர் நகர வெளிச்சம் அடிவானத்தில் படிந்திருக்கும். கடலூருக்குத் தெற்கே போய்விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அங்கே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் மஞ்சளாக, அதிகப் பிரகாசமாக இருப்பது ஆல்பா. வலப்பக்கம் நீலம் கலந்த வெண்மையாக இருப்பது பீட்டா சென்டாரி என்னும் ஹதார். இவை இரண்டையும்தான் இரட்டை விண்மீன் என்று நினைத்து ஏமாறுவது வழக்கம். அவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை, ஹதார் பல நூறு ஒளியாண்டு தூரம்.

பிரிக்க 60 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். 116-ஐ மில்லிமீட்டர் அளவால் வகுத்தால் எவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்கும் என்று தெரியும், 60-க்கு 1.9 வில்நொடி. 2016-ஐ ஒட்டி இடைவெளி 4 வில்நொடிக்குச் சுருங்கியிருந்தது, இப்போது அகன்றுகொண்டிருக்கிறது, 2029 வாக்கில் 10-ஐத் தாண்டும். உருப்பெருக்கம் 60 முதல் 100 போதும். அதற்கு மேல் போனால் காற்றின் நடுக்கம்தான் பெரிதாகும். 17 டிகிரி உயரத்தில் தலைக்கு மேலுள்ளதைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். அந்தக் காற்று பட்டகம்போல ஒளியைப் பிரித்து, விண்மீனின் மேல்விளிம்பை நீலமாகவும் கீழ்விளிம்பை சிவப்பாகவும் காட்டும். மேலும் கீழுமாக நீண்ட உருவத்தைப் பார்த்துவிட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உடனே ஹதாருக்குத் திருப்புங்கள். அதுவும் அப்படியே நீண்டு தெரிந்தால் அது காற்றின் வேலை. ஆல்பாவில் மட்டும் மஞ்சளாக ஒன்றும், சற்று மங்கி ஆரஞ்சு சாயலில் இன்னொன்றும், நடுவில் கறுத்த வானமும் தெரிந்தால் பிரிந்துவிட்டது.

ஏசி அறையில் வைத்த குழாயைக் கடற்கரை ஈரக்காற்றில் எடுத்ததும் கண்ணாடி முழுக்கப் பனித்துவிடும். துடைக்க வேண்டாம், மூடியைக் கழற்றாமல் அரைமணி நேரம் வெளியிலேயே வைத்து, காற்றின் வெப்பத்துக்கு வந்தபிறகு திறக்கவும். அலையோரத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, காற்றை மறைக்கும் படகு அல்லது சுவர் பக்கம் முக்காலியைக் கால் நீட்டாமல் தாழ்வாக நிறுத்தினால் நடுக்கம் பாதியாகும். வீடு திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு வாலை வடிநீரில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் ஒற்றி எடுக்கவேண்டும்.

ரிஷோ பார்த்த நாளுக்குப் பிறகு அந்த ஜோடி நாலு சுற்றை முழுதாக முடித்துவிட்டது. இப்போது ஐந்தாவது சுற்று. 2035-ல் இருவரும் 11 வானியல் அலகு தூரத்துக்கு நெருங்குவார்கள், அதாவது சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்துக்குச் சற்று மேல். இன்று முதல் ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாசி விடியலில், அதே ஐபீஸ் வழியே பார்த்து இரண்டும் நிற்கும் நிலையைத் தாளில் வரைந்து வைத்தால், ஐந்தாறு ஆண்டில் கோடு வளைவது வெறும் கண்ணுக்கே தெரியும்.